பங்குனிப் பிள்ளைகள்

நிதிலனின் அக்கா மகன் அன்று காலை பத்து மணிக்குள் நாற்பத்தேழு முறை இறந்திருந்தான்.

நாற்பத்தெட்டாவது மரணம் திரையில் தயாராகிக்கொண்டிருந்தது. நிஜத்தில் பெரிய நெல்லிக்காய் அளவே உள்ள இதயம், திரையில் தேங்காய் அளவுக்கு விரிந்து கிடந்தது. கண்ணுக்குத் தெரியாத கத்தி இரண்டு பெரிய ரத்தக் குழாய்களையும் அறுத்தது. இடம் மாற்றியது. தைத்தது. இறுக்கியிருந்த கிடுக்கி விலகியது. இதயம் ஒரு முறை துடித்தது. இரண்டு. மூன்று. நான்காவது துடிப்பில் தடுமாறி, ஐந்தாவதை யோசித்து, வேண்டாம் என்று தீர்மானித்தது போல நின்றுவிட்டது.

'நிழல் நின்றது' என்று சிவப்பில் எழுத்து வந்தது.

அடுத்த ஒத்திகை தொடங்கியது.

கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் பதினோரு மாடியில் எழும்பி நிற்கும் அந்தக் குழந்தைகள் இதய மருத்துவமனை. 2049 ஏப்ரல் இருபதாம் தேதி, செவ்வாய்க்கிழமை. நிஜமான குழந்தை இரண்டு மாடி கீழே கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தான். வயது ஒன்பது நாள். இன்னும் பெயர் வைக்கவில்லை. காலில் கட்டிய பட்டையில் 'மதுவந்தி ஆண் குழந்தை' என்று இருந்தது. உதடும் நகமும் நாவல்பழம் தின்றவன் மாதிரி நீலம்.

திரையில் சாவது அவனுடைய நிழல். அந்த நிழலைக் கண்டுபிடித்தவன் நிதிலன்.

ஸ்கேன் படம், ஒரு சொட்டு ரத்தம், பிறப்புப் பதிவேடு. மூன்றையும் கொடுத்தால் போதும். நிதிலனின் இயந்திரம் அந்தக் குழந்தையின் இதயத்தை நார் நாராக, செல் செல்லாகக் கணினிக்குள் வளர்த்துவிடும். பிறகு அதே அறுவை சிகிச்சையை நூறு தடவை ஒத்திகை பார்க்கும். நூறில் எத்தனை பிழைக்கிறதோ அதுதான் மதிப்பெண். அறுபது எடுத்தால் பாஸ், ஆபரேஷன் தியேட்டர் திறக்கும். ஐம்பத்தொன்பது எடுத்தால் திறக்காது. டாக்டர் கெஞ்சினாலும் திறக்காது, சேர்மன் சொன்னாலும் திறக்காது. அந்த விதியை எழுதியவனும் நிதிலன்தான்.

விதிக்குக் காரணம் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் ஒரே மாதத்தில் இரண்டு குழந்தைகள் அறுவை மேசையிலேயே போயின. அதற்குப் பிறகு ஒன்றுகூடப் போகவில்லை. கீழே வரவேற்பறைச் சுவரில் ஒரு மின்பலகை அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. 'மேசையில் மரணமின்றி 1004 நாட்கள்.' தினமும் காலை ஆறு மணிக்கு அந்த எண் ஒன்று கூடும்.

நூறு ஒத்திகையும் முடிந்தபோது பிழைத்தவை முப்பத்தெட்டு.

இயந்திரம் கீழே ஒரு வரி காரணமும் போட்டிருந்தது: இடது அறைத் தசை, வயதுக்கு மெலிவு. தசை நோய் இருக்கலாம்.

நிதிலன் எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பின்னால் டாக்டர் எஸ்தர் வந்து நின்றது தெரியவில்லை. தலைமை அறுவை நிபுணர். ஐம்பத்தாறு வயது. பச்சை உடுப்புக்கு மேல் ஒரு பழைய ஸ்வெட்டர். அந்த இரண்டு குழந்தைகளும் போனது அவர் கையில்தான்.

"முப்பத்தெட்டா?" என்றார்.

"ரெண்டு தடவை ஓட்டிட்டேன் டாக்டர். நேத்து முப்பத்தாறு."

எஸ்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குழாய்கள் இடம் மாறிப் பிறந்த பிள்ளை. உடம்புக்குப் போக வேண்டிய ரத்தம் நுரையீரலுக்கும், நுரையீரலுக்குப் போக வேண்டியது உடம்புக்கும் போகிறது. சொட்டுச் சொட்டாய் இறங்கும் ஒரு மருந்துதான் இரண்டையும் கொஞ்சம் கலக்கவிட்டு அவனை வைத்திருக்கிறது. இதெல்லாம் நிதிலனுக்குத் தெரியும். தெரியாத ஒன்றைக் கேட்டான். எத்தனை நாள்?

"நாலு. இழுத்தா அஞ்சு. இடது அறைக்கு இப்ப வேலையே இல்லை, பாரம் தூக்காம நாளுக்கு நாள் சோம்பேறி ஆயிட்டிருக்கு. அதுக்கப்புறம் குழாயை மாத்தி வச்சாலும் அது ரத்தத்தைத் தள்ளாது."

"விதின்னு ஒண்ணு இல்லாம இருந்தா செய்வீங்களா?"

எஸ்தர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"என் கை செய்யலாம்ங்குது. ஆனா என் கையை நம்பித்தானே அந்த ரெண்டு பேரை அனுப்பிவச்சேன்."

நான்கு மணிக்கு அறுவைக்கு அனுமதி தரும் குழு கூடும், அதற்குள் பெற்றோரிடம் சொல்லிவிடு என்றார். நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா என்றும் கேட்டார். நிதிலன் தானே போவதாகச் சொன்னான்.

மதுவந்தி கண்ணாடிப் பெட்டியின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். முப்பத்தேழு வயது. கல்யாணமாகிப் பதினொரு வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை. பெட்டியில் இருந்த ஓட்டை வழியாகக் கையை விட்டு, அவன் கட்டைவிரலைத் தன் சுண்டுவிரலால் பிடித்துக்கொண்டிருந்தாள். அம்மா இறந்தபோது நிதிலனுக்குப் பன்னிரண்டு வயது. அன்றிலிருந்து அவனுக்குச் சோறு போட்டதும், ஃபீஸ் கட்டியதும், கல்லூரியில் அடிதடி செய்தபோது வந்து பிரின்சிபாலிடம் திட்டு வாங்கியதும் மதுவந்திதான்.

அவள் கணவன் கவின் சுவரோரம் நின்றிருந்தான். உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் தென்னைநார்த் தொழிற்சாலை. பேசிக்கொண்டே இருக்கும் மனிதன் மூன்று நாளாக வாயைத் திறக்கவில்லை.

நிதிலன் சொன்னான். எண்ணைச் சொன்னான். விதியையும் சொன்னான்.

கவின் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "நீ எழுதின விதிதான மாப்ள? நீயே கொஞ்சம் தள்ளிவைக்க முடியாதா?"

முடியாது என்று நிதிலன் தலையாட்டினான். தனக்காகத் தள்ளிவைத்தால், நாளை வேறொருவருக்காகவும் தள்ள வேண்டும். அப்புறம் பழைய கதைதான். இதைச் சொல்லும்போது அவன் குரலே அவனுக்கு அந்நியமாகக் கேட்டது. இதே வாக்கியத்தை இந்த மூன்று வருடத்தில் பத்தொன்பது பெற்றோரிடம் சொல்லியிருக்கிறான். அப்போதெல்லாம் சுலபமாக வந்தது.

மதுவந்தி குழந்தையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"உன்ற மிசினு தப்பே பண்ணாதாடா?"

"மிசினுக்கா தெரியும்? நாம என்ன குடுக்கறமோ அதை வச்சு வளத்துது. குடுத்தது சரியா இருந்தா அது சொல்றதும் சரியா இருக்கும்."

அவள் விரல் குழந்தையின் விரலிலிருந்து நழுவியது. நிதிலன் அதைப் பார்த்தான். துக்கம் என்று நினைத்துக்கொண்டான்.

அப்போது நர்ஸ் சிந்துஜா ரத்தம் எடுக்க வந்தாள். பச்சைக் குழந்தைகளுக்குக் கையில் எடுக்க மாட்டார்கள், குதிகாலில் ஊசியால் ஒரு குத்து. சிந்துஜா இந்த மருத்துவமனைக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அதற்கு முன் ஒரு அரசு மருத்துவமனையின் பச்சைக் குழந்தைகள் வார்டில் ஏழு வருடம். ஒரு ஷிஃப்டுக்கு நாற்பது பிள்ளைகளின் குதிகாலைப் பார்த்தவள்.

பாதத்தை நிமிர்த்திப் பிடித்தவள் ஊசியைக் குத்தவில்லை. குனிந்து பார்த்தாள். இன்னொரு பாதத்தையும் திருப்பிப் பார்த்தாள். பிறகு காது மடலை மெதுவாக மடித்துவிட்டாள். மடித்தது மடித்தபடி கொஞ்ச நேரம் கிடந்து, யோசித்து யோசித்து நிமிர்ந்தது.

"சார், இவன் எத்தனை வாரத்துல பொறந்தானுங்க?"

நிதிலன் பதிவேட்டைப் பார்க்காமலே சொன்னான். முப்பத்தொன்பது.

சிந்துஜா மதுவந்தியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நிதிலனைக் கதவுக்கு வெளியே வரச் சொன்னாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சார். முழுசா வளந்து பொறந்த பிள்ளைக்குப் பாதம் பூராவும் கோடு ஓடியிருக்கும். இவனுக்கு முன்பாதத்துல மட்டுந்தான் இருக்குது. குதிகால் மொழுமொழுன்னு கண்ணாடியாட்ட இருக்குதுங்க. காதும் இன்னும் வெறைக்கல. இது முப்பத்தொம்பது வாரத்துக் கால் இல்லீங்க சார்."

நிதிலனுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பல கோடி செல்களை எண்ணுகிற இயந்திரத்துக்கு எதிராக ஒரு குதிகால். அடுத்த நொடி சிரிப்பு நின்றது. இயந்திரம் இந்தக் குழந்தையின் பாதத்தைப் பார்க்கவே இல்லை. அதற்கு வாரக் கணக்கு பதிவேட்டிலிருந்து போனது. பதிவேட்டில் எழுதியவர்கள் உடுமலை பக்கத்துப் பிரசவ ஆஸ்பத்திரிக்காரர்கள்.

பிறந்த தேதி ஏப்ரல் பதினொன்று. ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு பன்னிரண்டு. திட்டமிட்ட சிசேரியன்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எந்த டாக்டர் திட்டமிட்டு ஆபரேஷன் செய்வார்?

அவன் எஸ்தரைக் கூட்டிவரப் படி இறங்கி ஓடினான். லிஃப்ட் வரும்வரை நிற்கப் பொறுமையில்லை.

எஸ்தர் வந்து பாதத்தைப் பார்த்தார். காதை மடித்துப் பார்த்தார். தோளில் பூனைமயிரைத் தடவிப் பார்த்தார். சிந்துஜாவிடம் ஆமென்று தலையை மட்டும் அசைத்தார். பிறகு நாற்காலியை இழுத்து மதுவந்திக்கு நேரே உட்கார்ந்தார். ஆனால் கேட்டது நிதிலன்.

"அக்கா, இவன் எப்ப பொறக்க வேண்டியவன்?"

"ரெக்கார்டுல இருக்குதில்ல."

"ரெக்கார்டைக் கேக்கல. உன்னைக் கேக்கறேன்."

மதுவந்தி கணவனைப் பார்த்தாள். கவின் ஒன்றும் புரியாமல் நின்றான்.

"மே ஒம்பது" என்றாள்.

கவின்தான் முதலில் பேசினான். குழந்தையைச் சுற்றித் தண்ணீர் குறைந்துவிட்டது, உடனே எடுக்க வேண்டும் என்றுதானே தன்னிடம் சொன்னாள் என்று கேட்டான். அதட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

தண்ணீர் குறையவில்லை. மே ஒன்பது என்றால் சித்திரைக் கடைசி. மதுவந்தி மூன்றாவது மாதமே ஜோசியரிடம் போயிருக்கிறாள். அவரும் கம்ப்யூட்டரில்தான் கணிக்கிறார். தலைச்சன் ஆண்பிள்ளையாக இருந்து சித்திரையில் பிறந்தால் தாய்மாமனுக்குக் கண்டம் என்று அந்தக் கம்ப்யூட்டர் சொல்லியிருக்கிறது. பங்குனி முடியும் முன் எடுக்க நல்ல நேரமும் அவரே குறித்துக் கொடுத்திருக்கிறார். பிரசவ ஆஸ்பத்திரியில் இவள் தயங்கித் தயங்கிக் கேட்டபோது அவர்கள் ஆச்சரியமே படவில்லை. ஒவ்வொரு வருடமும் பங்குனிக் கடைசியில் அங்கே வரிசை நிற்குமாம். காரணமில்லாமல் முப்பத்தொன்பது வாரத்துக்கு முன்னால் எடுத்தால் கேள்வி வரும். அதனால் முப்பத்தொன்பது என்றே எழுதிக்கொள்வார்களாம்.

"எனக்காகவா?" என்றான் நிதிலன்.

"வேற யாருக்கு? எனக்குன்னு இருந்தது நீ ஒருத்தன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல."

"சொன்னா நீ சிரிப்ப."

சிரித்திருப்பான். பத்து பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பான். அது இருவருக்கும் தெரியும்.

மதுவந்தி அதற்குப் பிறகுதான் அழுதாள். ஒன்பது நாளாக வாயை மூடிக்கொண்டு இருந்ததற்குக் காரணம் வேறு. முன்னாடியே வெளியே எடுத்ததால்தான் பிள்ளைக்கு இதயம் இப்படி ஆகிவிட்டது, தானே கொன்றுவிட்டோம் என்று நினைத்திருக்கிறாள். கேட்டால் சொல்லிவிட வேண்டியிருக்குமே என்று யாரும் கேட்டுவிடாதபடி உட்கார்ந்திருக்கிறாள்.

எஸ்தர் அவள் முழங்காலில் கை வைத்தார்.

"குழாய் இடம் மாறினது ரெண்டாவது மாசத்துலயே முடிஞ்சுபோன விஷயம்மா. நீங்க ஜோசியர்கிட்ட போறதுக்கும் முன்னாடி. சித்திரையில பொறந்திருந்தாலும் இப்படித்தான் பொறந்திருப்பான். அதுக்கு நீங்க காரணம் இல்ல." பிறகு எழுந்துகொண்டே சேர்த்தார். "மூணு வாரத்தை மறைச்சதுக்கு மட்டும் அப்புறமா திட்டறேன்."

மணி ஒன்று இருபது.

நிதிலன் மறுபடி இயந்திரத்தின் முன்னால். முப்பத்தொன்பதை அழித்து முப்பத்தாறு என்று அடித்தான். இரண்டு இலக்கம். அதற்குத்தான் ஒரு உயிர் தொங்கிக்கொண்டிருந்தது. திரையில் பழைய நிழல் கரைந்தது. புதியது வளர ஆரம்பித்தது.

கவினும் கூடவே வந்துவிட்டான். மூன்று வாரத்தில் அப்படி என்ன மாறிவிடும் என்று கேட்டான்.

"உங்க தென்னையவே எடுத்துக்கங்க மாமா. மூணு வருசத்து மரம் இவ்வளவுதான் உசரம்னா நோய்னு வெட்டிடுவீங்க. அது ரெண்டு வருசத்து மரம்னு தெரிஞ்சா?"

"தண்ணி விட்டுட்டுப் போயிருவேன்."

"அவ்வளவுதான். தசை மெலிஞ்சிருக்கறது நோய் இல்ல, இளசு. இளந்தசை இன்னும் வளந்துட்டு இருக்கும். பாரம் வச்சா பழகிக்கும். என் மிசினு அதை வளந்து முடிஞ்ச தசைன்னு நெனச்சு வெட்டிடுச்சு."

முதல் ஒத்திகை ஓடியது. அறுத்தது, மாற்றியது, தைத்தது. கிடுக்கி விலகியது. நான்கு துடிப்பு. ஐந்து. ஆறு. கவின் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். இருபதாவது துடிப்பில் நிழல் நின்றது.

கவின் விரல்களை மடக்கிக்கொண்டான்.

இரண்டாவது நிற்கவில்லை. துடித்தது, துடித்துக்கொண்டே இருந்தது, 'நிழல் பிழைத்தது' என்று பச்சையில் எழுத்து வந்தது. காலையிலும் பச்சை வந்திருக்கிறது, முப்பத்தெட்டு தடவை. ஆனால் அவை தள்ளாடித் தப்பித்தவை. இது வேறு மாதிரி. ஓட்டப்பந்தயத்துக்கு வந்தவன் மாதிரி துடித்தது.

ஐம்பது முடிந்தபோது பிழைத்தவை இருபத்தொன்பது. செய்தி எப்படியோ பரவிவிட்டது. கதவருகே சிந்துஜா வந்து நின்றாள். மயக்க மருந்து டாக்டர் வந்தார். டீ கொண்டுவந்தவர் தட்டை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். எண்பதில் நாற்பத்தெட்டு. தொண்ணூறில் ஐம்பத்தைந்து. மீதிப் பத்தில் ஐந்து வேண்டும்.

தொண்ணூற்றொன்று நின்றது.

தொண்ணூற்றிரண்டு பிழைத்தது. தொண்ணூற்றிமூன்றும் பிழைத்தது. அடுத்தது நின்றது. டீக்காரர் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டார், அதைப் பிடித்துக்கொண்டால் ஏதோ ஆதரவு என்பது போல. தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றாறு, இரண்டும் பச்சை. தொண்ணூற்றேழு சிவப்பு.

ஐம்பத்தொன்பது. இன்னும் மூன்று ஒத்திகைதான்.

தொண்ணூற்றெட்டு. அறுத்தது. மாற்றியது. தைத்தது. கிடுக்கி விலகியது. இதயம் துடிக்கவில்லை. பிறகு, தூங்கி எழுந்த பிள்ளை சோம்பல் முறிப்பது போல ஒரு நெளி நெளிந்து, அடித்தது. மறுபடி அடித்தது. நிற்காமல் அடித்துக்கொண்டே போனது.

கவின் அப்படியே தரையில் உட்கார்ந்து, நிதிலனின் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டான். கடைசி இரண்டும் பிழைத்ததை அவன் பார்க்கவே இல்லை.

அறுபத்திரண்டு.

ஆனால் நான்கு மணிக் குழுவில் சேர்மன் ஒத்துக்கொள்ளவில்லை. பிள்ளையைக் காப்பாற்ற ஒரு தாய் எதை வேண்டுமானாலும் சொல்லுவாள், அதுவும் இயந்திரத்தை உருவாக்கியவனின் அக்கா, நாளைக்குப் பேப்பரில் என்ன எழுதுவார்கள் என்றார். பாதத்தில் கோடு இல்லை என்பதை வைத்துப் பதிவேட்டைத் திருத்த முடியாது. காகிதம் வேண்டும். வாரக் கணக்கு சொல்லும் இரண்டாவது மாத ஸ்கேன் இருக்கிறதா?

அந்த ஸ்கேன் பிரசவ ஆஸ்பத்திரியின் கோப்பில் இல்லை. இருக்கவும் விட்டிருக்க மாட்டார்கள்; மதுவந்தியிடம் இருந்த பிரதியையும் பிரசவத்தன்றே வாங்கிக்கொண்டார்கள்.

அப்போதுதான் நிதிலனுக்கு உறைத்தது. அவசர அவசரமாக ஃபோனை எடுத்துப் பின்னால் தள்ளித் தள்ளிப் போனான். ஏழு மாதப் பேச்சு. சாப்பிட்டியா, தூங்கினியா, ஊருக்கு எப்ப வர. போன செப்டம்பரில் ஒரு படம். கறுப்புக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி. கீழே அக்கா எழுதியிருந்தாள்: 'உன்ற மருமகன். மொச்சக்கொட்டை அளவு.' அதற்கு அவன் போட்ட பதில் ஒரு கட்டைவிரல் படம்.

அன்று அவன் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. இப்போது பெரிதாக்கினான். மூலையில் பொடி எழுத்தில் இருந்தது. செப்டம்பர் 22. ஏழு வாரம், இரண்டு நாள்.

எஸ்தர் அங்கேயே மனக்கணக்குப் போட்டார். "ஏப்ரல் பதினொண்ணுக்கு முப்பத்தாறு வாரம். ஒரு நாள் கூட இல்ல, குறைய இல்ல."

சேர்மன் கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலை ஏழேமுக்கால் மணிக்குத் தியேட்டர் ஒதுக்கப்பட்டது. புதன்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது எமகண்டம். மதுவந்திக்கு அது நன்றாகத் தெரியும். நேரத்தைச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்த நிதிலன், மாற்றச் சொல்லட்டுமா என்று கேட்டான், பாதி விளையாட்டாக.

"போடா" என்றாள். "கூட்டிட்டுப் போங்க. இப்பவே வேணும்னாலும் கூட்டிட்டுப் போங்க."

புதன்கிழமை காலை, எட்டு நாற்பதுக்கு, டாக்டர் எஸ்தர் அந்த நெல்லிக்காயை நிறுத்தினார். தலைமுடியைவிட மெல்லிய நூல். இரண்டு பெரிய குழாய்கள், இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் இரண்டு பொடிக் குழாய்கள், எல்லாவற்றையும் பிடுங்கி இடம் மாற்றி நட்டார். கண்ணாடிக்கு அப்பால் நின்ற நிதிலனுக்கு இதில் எதுவும் புதிதில்லை. இருநூறு தடவைக்கு மேல் பார்த்தாகிவிட்டது. கிடுக்கி விலகும் நொடி மட்டும் கண்ணை மூடிக்கொண்டான்.

மூடிய கண்ணுக்குள் சிவப்பு எழுத்தும் வரவில்லை, பச்சையும் வரவில்லை. எஸ்தரின் குரல்தான் வந்தது.

"நிதிலன், கண்ணைத் திற. உன் மருமகனுக்கு உதடு சிவக்குது."

அன்று மாலை மதுவந்தி பெட்டிக்குள் கையை விட்டபோது அவள் சுண்டுவிரலைப் பிடித்த விரல்கள் ரோஜா நிறம். கவினுக்குப் பேச்சு திரும்பியிருந்தது. கணக்குப்படி இவன் பங்குனியா சித்திரையா என்று ஆரம்பித்தான். உடம்பு வந்தது பங்குனியில், உயிர் வந்தது சித்திரையில், ஆகவே தாய்மாமனான மாப்பிள்ளை ரோடு தாண்டும்போது பார்த்துப் போக வேண்டும் என்றான். மதுவந்தி அவன் கையில் ஒரு அடி வைத்தாள். பத்து நாளில் முதல் தடவையாக மூவரும் சிரித்தார்கள்.

வியாழக்கிழமை காலை நிதிலன் வரவேற்பறையைக் கடந்தபோது மின்பலகை 1006 என்றது. சேர்மன் அதன் பக்கத்தில் நின்று படமெடுத்துக்கொண்டிருந்தார். எஸ்தர் டீ டம்ளரோடு தள்ளி நின்றார்.

"நல்ல பலகை" என்றார் எஸ்தர். "மேசையில செத்தவங்களை மட்டும் எண்ணும். வீட்டுக்கு அனுப்பினவங்க அதுல வர மாட்டாங்க."

நிதிலனுக்கு அந்த வாக்கியம் லிஃப்டுக்குள் கூடவே வந்தது. அறைக்குள்ளும் வந்தது. அவன் உட்கார்ந்து, மூன்று வருடத்தில் அறுபது எடுக்காமல் திருப்பி அனுப்பப்பட்ட பத்தொன்பது குழந்தைகளின் பட்டியலைத் திறந்தான். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்துதான் தேடினான். இருந்தாலும் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டான்.

பிறந்த தேதிப்படி வரிசைப்படுத்தினான்.

ஏப்ரல் 9. ஏப்ரல் 12. ஏப்ரல் 12. ஏப்ரல் 13. ஏப்ரல் 8. வருடங்கள் வேறு வேறு. ஊர்கள் வேறு வேறு. பத்தொன்பதில் பதினொரு பேர் சித்திரை பிறப்பதற்கு முந்தைய ஒரு வாரத்துக்குள் பிறந்திருந்தார்கள். நேரங்களும் காலை ஆறு பத்து, ஏழு ஐந்து, ஆறு இருபது என்று சொல்லிவைத்தாற்போல இருந்தன. பதினொரு பேருக்கும் பதிவேட்டில் முப்பத்தொன்பது வாரம். பதினொரு பேருக்கும் இயந்திரம் போட்ட காரணம் ஒரே வரி: தசை, வயதுக்கு மெலிவு.

இவர்களில் யாருடைய பாதத்தையும் யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. இயந்திரம் இருக்கிறதே என்று விட்டுவிட்டார்கள்.

முதல் எண்ணை அழைத்தான். எடுத்தவர் அப்பா. நிதிலன் குழந்தையின் பெயரைச் சொன்னான். அவர், போன ஆடியிலேயே போய்விட்டான் சார் என்றார். எதற்கு இப்போது கேட்கிறீர்கள் என்றும் கேட்டார். நேரில் வந்து சொல்கிறேன் என்றான் நிதிலன். அதைச் சொல்லத்தான் வேண்டியிருக்கும், அந்த வீட்டு வாசலில் நின்று.

இரண்டாவது எண் உபயோகத்தில் இல்லை.

மூன்றாவது தாராபுரம், இதயச் சுவரில் ஓட்டையோடு பிறந்தவன். மணி நெடுநேரம் அடித்து ஒரு பெண் எடுத்தாள். பின்னால் பாத்திரம் உருளும் சத்தம். நிதிலன் யாரென்று சொன்னதும் அவள் குரல் இறுகியது.

"நீங்கதானுங்களே முடியாதுன்னு எழுதிக் குடுத்தது."

"ஆமாங்க. நான்தான்." இருக்கிறானா என்று கேட்க வாய் வரவில்லை. "பையன் எப்படி இருக்கானுங்க?"

"என்னத்தச் சொல்றது. ரெண்டு வயசாச்சு. எல்லாப் பிள்ளைகளாட்ட ஓடோணும்னு ஆசை. நாலெட்டு ஓடறான், நீலம் பாஞ்சு குத்தவச்சு உக்காந்துக்கறான். கொஞ்சம் ஆறினதும் மறுபடி ஓடறான். சொன்னா கேக்கறதில்ல."

பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தது அவன்தான் என்று நிதிலனுக்கு அப்போது புரிந்தது.

"அம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். யாரும் உங்களைத் தப்பு சொல்ல மாட்டாங்க. அவன் பொறக்க வேண்டிய தேதி எது?"

மறுமுனையில் ஒரு கதவைச் சாத்தும் ஓசை. அடுத்த அறைக்குக்கூடக் கேட்காத குரலில் அவள் சொன்னாள்.

"சித்திரை இருபதுங்க சார்."

நிதிலன் பட்டியலில் அவன் பெயருக்கு எதிரே இருந்த முப்பத்தொன்பதை அழித்தான்.

"பையனைக் கூட்டிட்டு வாங்கம்மா."

"எப்பங்க வரட்டும்?"

"இப்பவே. கெளம்புங்க."